நட்சத்திரத்துக்குள் போனால் அணுவின் கடிகாரம் மாறிவிடுமா? சூரியன் பிறந்த கதையைச் சொல்லும் 291 நாட்கள்

தாலியம் என்ற உலோகத்தின் பெயரை நம்மில் பலர் மருத்துவமனையில்தான் கேள்விப்பட்டிருப்போம். இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க எடுக்கும் 'தாலியம் ஸ்கேன்' நினைவிருக்கிறதா? அதில் பயன்படுவது தாலியம்-201. அது கதிரியக்கம் கொண்டது. சுமார் 73 மணி நேரத்தில் அதில் பாதி சிதைந்துவிடும்.

அதன் அண்ணன் தாலியம்-205 அப்படி இல்லை. இயற்கையில் கிடைக்கும் தாலியத்தில் சுமார் 70 சதவீதம் இதுதான். எத்தனை கோடி வருடம் பூமியில் கிடந்தாலும் அப்படியே இருக்கும், சிதையாது. வேதியியல் புத்தகங்கள் இதை 'நிலையானது' என்றுதான் சொல்கின்றன.

ஆனால் இதே தாலியம்-205 அணுவின் எலக்ட்ரான்களை மொத்தமாக உரித்துவிட்டால்? 291 நாட்களில் பாதி தாலியம் ஈயமாக மாறிவிடுகிறது! ஜெர்மனியில் இதை அளந்து காட்டிய ஆய்வு 2024 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியானது.

எலக்ட்ரான்களை உரிக்கும் வேலையை இயற்கையில் செய்வது நட்சத்திரங்களின் உட்புறம்தான். அதனால் இந்த 291 என்ற எண், நம் சூரியன் பிறப்பதற்கு முன்பு எவ்வளவு காலம் மேகமாகக் காத்திருந்தது என்ற கேள்விக்கும் பதில் தேட உதவியிருக்கிறது. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கதிரியக்கச் சிதைவு: ஒரு நிமிடப் பாடம்

அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும். சுற்றிலும் அடுக்கடுக்காக எலக்ட்ரான்கள். இது பள்ளிப் பாடம்.

சில அணுக்கருக்களில் புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை சரியாகப் பொருந்தாது. அவை தானாகவே தங்களை மாற்றிக்கொள்ளும். இதுதான் கதிரியக்கச் சிதைவு. இதில் நமக்கு இன்று தேவைப்படுவது இரண்டு வகைதான்.

முதலாவது, பீட்டா சிதைவு. கருவுக்குள் இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். அப்போது புதிதாக ஒரு எலக்ட்ரானும், நியூட்ரினோ வகையைச் சேர்ந்த ஒரு துகளும் பிறந்து வெளியே பாயும்.

இரண்டாவது, எலக்ட்ரான் பிடிப்பு. இது அப்படியே தலைகீழ். கருவுக்குள் இருக்கும் ஒரு புரோட்டான், பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானை விழுங்கி நியூட்ரானாக மாறும்.

எந்த ஒரு அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்களை ஒன்றாக எடுத்துக்கொண்டால், அவற்றில் பாதி சிதைய ஆகும் காலத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். அதற்குப் பெயர் அரை ஆயுட்காலம். கார்பன்-14 என்றால் சுமார் 5,730 ஆண்டுகள். ரீனியம்-187 என்றால் சுமார் 4,200 கோடி ஆண்டுகள்.

இந்தக் கடிகாரத்தை யாராலும் அசைக்க முடியாதா?

கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த காலத்திலேயே விஞ்ஞானிகளுக்கு வந்த சந்தேகம் இது. சூடாக்கினார்கள், குளிர வைத்தார்கள், அழுத்தினார்கள், வேறு பொருளோடு வேதிவினை செய்ய வைத்தார்கள். சிதைவின் வேகம் அசையவே இல்லை.

காரணம் எளிது. இரும்பு உருகும் உலையில் வெப்பம் சுமார் 1,500 டிகிரி. நமக்கு அது பயங்கரமான சூடு. ஆனால் அணுக்கருவுக்குள் நடக்கும் ஆற்றல் கணக்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஊர் முழுக்க மழை கொட்டினாலும் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் நனையாது இல்லையா? அது மாதிரிதான்.

அதனால்தான் 'அரை ஆயுட்காலம் மாறாதது' என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். பூமியைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய முழு உண்மை. ஒரே ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. எலக்ட்ரான் பிடிப்பு மூலம் சிதையும் அணுக்களுக்கு, கருவின் பக்கத்தில் எலக்ட்ரான் இருந்தால்தானே வேலை நடக்கும்? அதனால் பெரிலியம்-7 போன்ற லேசான அணுக்களில், அது எந்த வேதிப்பொருளோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து சிதைவு வேகம் மிகச் சிறிதளவு மாறுகிறது.

அந்தச் சின்ன விதிவிலக்கில் ஒரு பெரிய துப்பு இருக்கிறது. அணுக்கருவின் தலைவிதியில் எலக்ட்ரான்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் அது. அப்போ, எலக்ட்ரான்களையே எடுத்துவிட்டால்?

நட்சத்திரத்துக்குள் அணுவுக்கு என்ன ஆகிறது?

சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 150 மடங்கு. சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் வயதாகி, ஊதிப் பெருத்து, சிவப்பு ராட்சத நிலைக்குப் போகும்போது உள்ளே சில அடுக்குகளில் வெப்பம் 10 கோடி டிகிரியிலிருந்து 30 கோடி டிகிரி வரை போகும்.

அந்தச் சூட்டில் எந்த அணுவும் முழு உடையோடு இருக்க முடியாது. மோதல்களில் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். கருக்கள் தனியாகவும் எலக்ட்ரான்கள் தனியாகவும் ஓடும் ஒரு கொதிக்கும் கலவையாக எல்லாம் மாறிவிடும். இதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்பதற்கான கணக்கை 1920-ல் உலகத்துக்குத் தந்தவர் ஓர் இந்தியர், மேக்நாத் சாஹா. இன்றும் நட்சத்திர ஆய்வில் அவர் பெயரிலான சமன்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

எலக்ட்ரான் போனால் கருவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

காலி இருக்கை செய்யும் மாயம்

ஒரு பேருந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்வரிசை இருக்கைகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. புதிதாக ஏறுபவருக்கு உட்கார இடமே இல்லை.

சாதாரண அணுவும் அப்படித்தான். கருவுக்கு மிக அருகில் இருக்கும் உள்அடுக்கில் இரண்டு எலக்ட்ரான்களுக்குத்தான் இடம். அது எப்போதும் நிரம்பியே இருக்கும். பீட்டா சிதைவில் புதிதாகப் பிறக்கும் எலக்ட்ரானுக்கு அங்கே உட்கார வழியில்லை. அது அணுவை விட்டே வெளியே பாய வேண்டும். வெளியே பாய ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் கருவிடம் இல்லையென்றால் சிதைவே நடக்காது. அந்த அணு 'நிலையானது' ஆகிவிடும்.

இப்போது எலக்ட்ரான்களை எல்லாம் உரித்துவிடுங்கள். முன்வரிசை காலி! புதிதாகப் பிறக்கும் எலக்ட்ரான் வெளியே ஓட வேண்டிய அவசியமே இல்லை. நேராக அந்த உள்அடுக்கில் உட்கார்ந்துவிடலாம். அப்படி உட்காரும்போது ஆற்றல் செலவாகாது, மாறாக ஆற்றல் கிடைக்கும்!

இந்தச் சிதைவைக் 'கட்டுண்ட நிலை பீட்டா சிதைவு' என்கிறார்கள். பிறந்த எலக்ட்ரான் தாய் வீட்டிலேயே தங்கிவிடுவதால் இந்தப் பெயர். இப்படி ஒன்று நடக்கலாம் என்று 1947-லேயே பிரான்ஸைச் சேர்ந்த ரேமோன் டோடல் சொல்லிவிட்டார். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க 45 வருடம் ஆனது.

தாலியத்தின் பணக்கணக்கு

இதைத் தாலியத்தை வைத்தே பார்த்துவிடலாம். அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட். ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டை ஒரு 'ரூபாய்' என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண தாலியம்-205 அணு, ஈயம்-205 ஆக மாற வேண்டுமானால் சுமார் 51 ரூபாய் குறைகிறது. கையில் காசில்லை. அதனால் மாறுவதில்லை.

ஆனால் எல்லா எலக்ட்ரான்களையும் இழந்த தாலியத்தில், புதிய எலக்ட்ரான் காலியான உள்அடுக்கில் போய் உட்கார்ந்தால் சுமார் 100 ரூபாய் வரவு. பற்றாக்குறை, மற்ற கழிவுகள் எல்லாம் போக சுமார் 31 ரூபாய் மிச்சம்! கடனில் இருந்தவர் கையில் திடீரென்று காசு. அதனால் சிதைவு நடக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

முதலில் சிக்கியது டிஸ்ப்ரோசியம்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஜிஎஸ்ஐ என்ற அணுக்கரு ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே சுமார் 108 மீட்டர் சுற்றளவில் ஒரு வளையம். காற்று உறிஞ்சப்பட்ட குழாய்க்குள் எலக்ட்ரான் உரிக்கப்பட்ட அணுக்கருக்களைக் காந்தங்களின் உதவியோடு மணிக்கணக்கில் சுற்றவிடலாம். 'சேமிப்பு வளையம்' என்று பெயர். நட்சத்திரத்தின் 30 கோடி டிகிரி சூட்டைப் பூமியில் உருவாக்கி வைத்திருப்பது கஷ்டம். ஆனால் அந்தச் சூடு அணுவுக்குச் செய்யும் வேலையை, அதாவது எலக்ட்ரான்களை உரிப்பதை, இந்த வளையத்தில் செய்துகாட்டலாம்.

1992-ல் இங்கே டிஸ்ப்ரோசியம்-163 என்ற அணுவைச் சோதித்தார்கள். பூமியில் அது நிலையானது. ஆனால் 66 எலக்ட்ரான்களையும் உரித்துச் சுற்றவிட்டபோது, சுமார் 47 நாள் அரை ஆயுட்காலத்தோடு ஹோல்மியமாகச் சிதைந்தது. கட்டுண்ட நிலை பீட்டா சிதைவை உலகம் நேரடியாகப் பார்த்தது அப்போதுதான் முதல்முறை.

1996-ல் வந்த முடிவு இன்னும் ஆச்சரியம். ரீனியம்-187 பூமியில் பாதியாகக் குறைய சுமார் 4,200 கோடி ஆண்டுகள் ஆகும் என்று மேலே பார்த்தோம். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். எலக்ட்ரான்களை உரித்ததும் அந்த ரீனியத்தின் அரை ஆயுட்காலம் எவ்வளவு ஆனது தெரியுமா? வெறும் 33 ஆண்டுகள்! 100 கோடி மடங்குக்கும் மேல் வேகம் கூடிவிட்டது.

இது சும்மா வேடிக்கை பார்க்கும் எண் இல்லை. ரீனியம் சிதைந்து ஆஸ்மியமாக மாறும் கணக்கை வைத்து நம் பால்வீதி மண்டலத்தின் வயதைக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. அந்த ரீனியத்தில் ஒரு பகுதி இடையில் ஏதாவது நட்சத்திரத்துக்குள் போய்வந்திருந்தால், அங்கே கடிகாரம் தாறுமாறாக ஓடியிருக்கும். அதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு தப்பாகத்தானே வரும்?

சூடு மட்டும் இல்லை, நெருக்கமும் விளையாடும்

இதுவரை பார்த்தது வெப்பத்தின் வேலை. நட்சத்திரத்தின் அடர்த்திக்கும் இதில் தனிப் பங்கு உண்டு.

முதலில் பெரிலியம்-7. பூமியில் இது தன் சொந்த எலக்ட்ரானை விழுங்கி, சுமார் 53 நாள் அரை ஆயுட்காலத்தில் லித்தியமாக மாறும். சூரியனுக்குள் இதற்குச் சொந்த எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இல்லை, உரிக்கப்பட்டுவிட்டன. அப்போ சிதைவு நின்றுவிடுமா? இல்லை. சுற்றிலும் எலக்ட்ரான்கள் நெருக்கியடித்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி அருகே போகும் ஏதோ ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சிதைவில் பிறக்கும் நியூட்ரினோக்கள் பூமிக்கே வந்துசேர்கின்றன. இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த போரெக்சினோ கருவி 2007-ல் அவற்றை நேரடியாகப் பதிவு செய்தது.

நெருக்கம் இன்னும் கூடினால் விபரீதம். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரத்தின் கடைசிக் கட்டத்தில் மையப்பகுதி இரும்பாக இறுகிவிடும். அங்கே எரிபொருள் இல்லை. தன் எடையில் நசுங்காமல் அந்த மையத்தைத் தாங்கிப்பிடிப்பது எலக்ட்ரான்களின் அழுத்தம்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடை வரைதான் தாங்கும் என்ற கணக்கைப் போட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர்.

அந்த நெருக்கத்தில் அணுக்கருக்கள் எலக்ட்ரான்களை விழுங்க ஆரம்பிக்கின்றன. தாங்கிப்பிடிக்கும் தூணையே கரையான் அரிப்பது மாதிரி. எலக்ட்ரான் குறையக் குறைய அழுத்தம் குறைகிறது, மையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இடிந்து விழுகிறது. அதன் தொடர்ச்சிதான் சூப்பர்நோவா வெடிப்பு.

இதே நெருக்கம் சில சிதைவுகளைத் தடுக்கவும் செய்யும். தனியாக இருக்கும் நியூட்ரானுக்கு அரை ஆயுட்காலம் சுமார் 10 நிமிடம்தான். ஆனால் நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் அது சிதையாமல் கிடக்கிறது. ஏன்? சிதைந்தால் ஒரு எலக்ட்ரான் பிறக்க வேண்டும். அது போய் நிற்க வேண்டிய இடங்களை எல்லாம் ஏற்கனவே வேறு எலக்ட்ரான்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மறுபடியும் அதே பேருந்துக் கதைதான்.

ஆக, சூடு இருக்கையைக் காலி செய்கிறது, நெருக்கம் இருக்கையை நிரப்புகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் நட்சத்திரத்துக்குள் ஒவ்வொரு அணுக்கருவின் ஆயுளும் முடிவாகிறது.

சரி, சூரியனுக்கும் தாலியத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரும்பைவிட எடை கூடிய தனிமங்களில் ஏறக்குறைய பாதி, சிவப்பு ராட்சத நிலையில் இருக்கும் நட்சத்திரங்களுக்குள் மெதுவாகச் சமைக்கப்பட்டவை. ஓர் அணுக்கரு நியூட்ரானை விழுங்கும். கொஞ்ச காலம் கழித்து இன்னொன்று. இப்படிப் படிப்படியாக ஏறி, ஈயம் வரை வந்து நிற்கும்.

இப்படிச் சமையல் நடக்கிறது என்பதற்கு நேரடி சாட்சி 1952-லேயே கிடைத்தது. அமெரிக்க வானியலாளர் பால் மெர்ரில், சில சிவப்பு ராட்சதர்களின் ஒளியில் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் வகைகளில் நீண்ட நாள் வாழ்வதற்கே அரை ஆயுட்காலம் சுமார் 42 லட்சம் ஆண்டுகள்தான். நட்சத்திரத்தின் வயதோ பல கோடி ஆண்டுகள். அப்படியென்றால் அந்த டெக்னீசியம் அங்கேயே, அண்மையில்தான் உருவாகியிருக்க வேண்டும்.

அதே மாதிரி அங்கே உருவாகும் ஒன்றுதான் ஈயம்-205. ஈயம்-204 ஒரு நியூட்ரானை விழுங்கினால் இது பிறக்கும். பூமியில் வைத்து அளந்தால் இதன் அரை ஆயுட்காலம் சுமார் 1.7 கோடி ஆண்டுகள். எலக்ட்ரானைப் பிடித்து தாலியம்-205 ஆக மாறிவிடும்.

சூரிய மண்டலத்தின் வயது சுமார் 457 கோடி ஆண்டுகள். அதாவது ஈயம்-205-க்கு ஏறக்குறைய 270 அரை ஆயுட்காலங்கள் கடந்துவிட்டன. அன்று இருந்ததில் ஓர் அணுகூட இன்று மிச்சமில்லை என்றே சொல்லலாம். ஆனால் அது விட்டுப்போன தடயம் இருக்கிறது. சூரிய மண்டலம் உருவானபோதே உறைந்துபோன விண்கற்களில், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாலியம்-205 கிடக்கிறது. அதை அளந்தால், அன்று எவ்வளவு ஈயம்-205 இருந்தது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம்.

இனி கணக்கு எளிது. நட்சத்திரங்கள் எவ்வளவு ஈயம்-205-ஐ மேகத்துக்குக் கொடுத்தன? சூரியன் பிறந்தபோது எவ்வளவு மிச்சமிருந்தது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நடுவில் கடந்த காலம்.

ஆனால் ஒரு சிக்கல். இரண்டாவது எண் விண்கல்லில் இருக்கிறது. முதல் எண்?

நட்சத்திரத்துக்குள் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி

பூமியில் ஈயம்-205 அவ்வளவு மெதுவாகச் சிதைவதற்குக் காரணம், அதன் கருவின் சுழற்சியும் தாலியத்தின் சுழற்சியும் பொருந்தாததுதான். ஆனால் அந்தக் கருவை 2.3 'ரூபாய்' அளவுக்குத் தூண்டிவிட்டால் போதும், தயக்கம் போய்விடும். 10 கோடி டிகிரி வெப்பத்தில் அந்த 2.3 ரூபாய் சில்லறைக் காசு. எனவே நட்சத்திரத்துக்குள் ஈயம்-205 வேகமாகச் சிதைந்து தாலியமாகிவிடும்.

அப்போ வெளியே எதுவுமே வராதே என்று விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். அந்த நேரத்தில்தான், 1980-களில், மறுபக்கக் கதையும் கணக்கில் வந்தது. எலக்ட்ரான் உரிந்த தாலியம்-205 திரும்பவும் ஈயம்-205 ஆக மாறுமே! ஒரு பக்கம் ஈயம் தாலியமாகிறது, மறுபக்கம் தாலியம் ஈயமாகிறது. யார் எவ்வளவு வேகம் என்று தெரிந்தால்தான் கடைசியில் எவ்வளவு ஈயம் வெளியே வரும் என்று சொல்ல முடியும்.

அந்த வேகத்தை அதுவரை யாரும் அளந்ததில்லை. கையில் இருந்தவை எல்லாம் காகிதக் கணக்குகள்.

40 வருடம் காத்திருந்த சோதனை

அளந்துவிடலாமே என்று 1980-களிலேயே திட்டம் போட்டார்கள். ஆனால் தாலியத்தின் ஆவி கடும் விஷம். மற்ற தனிமங்களைப் போல அதை ஆவியாக்கி நேரடியாக முடுக்கிக்குள் விட முடியாது.

சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். ஈயம்-206 கருக்களை அதிவேகமாகப் பாயவிட்டு, பெரிலியம் தகட்டில் மோதவிட்டார்கள். மோதலில் சில ஈயக் கருக்கள் ஒரே ஒரு புரோட்டானை மட்டும் இழக்கும். ஈயம்-206-ல் ஒரு புரோட்டான் போனால் மிஞ்சுவது தாலியம்-205. அதுவும் எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாமல்! அவற்றை மட்டும் பிரித்தெடுத்து வளையத்துக்குள் அனுப்பினார்கள்.

ஒளியின் வேகத்தில் சுமார் 70 சதவீத வேகம். நொடிக்கு சுமார் 20 லட்சம் சுற்று. அதிகபட்சம் 10 மணி நேரம் வரை ஓடவிட்டார்கள். இடையில் சில தாலியம் கருக்கள் ஈயமாகின்றன. ஆனால் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டின் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், வளையத்தில் ஒரே பாதையில்தான் ஓடும்.

இதற்கும் ஒரு தந்திரம். தாலியத்திடம் எலக்ட்ரானே இல்லை. ஈயமாக மாறியதிடம் மட்டும் புதிதாகப் பிறந்த ஒரு எலக்ட்ரான் ஒட்டியிருக்கிறது. கடைசியில் வளையத்துக்குள் கொஞ்சம் வாயுவைப் பீய்ச்சினார்கள். மோதலில் அந்த ஒற்றை எலக்ட்ரான் கழன்றது. மின்னூட்டம் மாறியதும் ஈயக் கரு வேறு பாதைக்கு விலகியது. விலகியவற்றை எண்ணினார்கள்.

இத்தனையும் நடந்தது 2020 வசந்த காலத்தில். கொரோனா பொதுமுடக்கத்தில் ஐரோப்பா உறைந்து நின்ற அதே நாட்கள். அதன்பிறகு தரவுகளை அலசி முடிக்கச் சில வருடங்கள் பிடித்தன. கிடைத்த விடைதான் 291 நாட்கள்.

முன்பு கோட்பாட்டின்படி கணித்து வைத்திருந்ததைவிட இது 4.7 மடங்கு அதிகம். அதாவது தாலியம், நினைத்ததைவிட மெதுவாகத்தான் ஈயமாக மாறுகிறது.

291 சொல்லும் சேதி என்ன?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரத்துக்குள் எல்லா தாலியம் அணுக்களும் 81 எலக்ட்ரான்களையும் முழுசாக இழப்பதில்லை. சிலவற்றில் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். அது வெப்பத்தையும் அடர்த்தியையும் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். ஆய்வகத்தில் கிடைத்த 291-ஐ அடித்தளமாக வைத்து, ஒவ்வொரு வெப்பத்துக்கும் ஒவ்வொரு அடர்த்திக்கும் சிதைவு வேகத்தைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். அதை நட்சத்திர மாதிரிகளுக்குள் போட்டார்கள்.

தாலியம் மெதுவாக மாறுகிறது என்றால் நட்சத்திரத்திலிருந்து வெளியே வரும் ஈயம்-205 குறைவு. தொடக்க இருப்பு குறைந்தால், விண்கல் காட்டும் அளவுக்கு வந்துசேர ஆகும் காலமும் குறையும்.

கடைசியில் கிடைத்த விடை: 1 கோடி முதல் 2 கோடி ஆண்டுகள். நம் சூரியனுக்கான பொருள், தாய் மேகத்துக்குள் தனித்து விடப்பட்ட பிறகு, சூரியனாகத் திரள எடுத்துக்கொண்ட காலம் இது. இதே சமையல் முறையில் உருவாகும் பல்லேடியம்-107, ஹாஃப்னியம்-182 போன்ற மற்ற கடிகாரங்கள் காட்டும் நேரத்தோடும் இது ஒத்துப்போகிறது.

இதன் அர்த்தம் என்ன? சின்ன மேகங்கள் சீக்கிரமே கலைந்துவிடும். இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் அது மிகப் பெரிய மேகமாக இருந்திருக்க வேண்டும். அந்த மாதிரி மேகங்களில் நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகத்தான் பிறக்கும். நம் சூரியனும் ஒரு பெரிய குடும்பத்தில், நிறைய உடன்பிறப்புகளோடு பிறந்திருக்கிறது. இன்று அவை எல்லாம் பால்வீதியில் திசைக்கொன்றாகப் பிரிந்துபோய்விட்டன.

அப்போ பூமியில் கணித்த வயதெல்லாம் தப்பா?

இதைப் படித்ததும் எழும் நியாயமான சந்தேகம் இது. 'சிதைவு வேகம் மாறும் என்கிறீர்கள். அப்படியானால் கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்குச் சொன்ன காலம், பாறைகளுக்குச் சொன்ன வயது எல்லாம் சந்தேகம்தானா?'

இல்லை. பூமியில் எரிமலைக் குழம்பில் கிடந்தாலும், கடலடியில் புதைந்தாலும் அணுக்களின் உள்அடுக்கு எலக்ட்ரான்கள் அப்படியே இருக்கும். அவற்றை உரிக்கக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும், அல்லது ஜிஎஸ்ஐ மாதிரி ஒரு முடுக்கி வேண்டும். கரித்துண்டுக்கு இந்த இரண்டும் வாய்த்திருக்க வாய்ப்பே இல்லை. இங்கே கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. சிக்கல் வருவது, அந்த அணு பூமிக்கு வருவதற்கு முன்பு நட்சத்திரத்துக்குள் கழித்த காலத்தைக் கணக்கிடும்போதுதான்.

அடுத்து என்ன?

இதே அளவீட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. வடக்கு மாசிடோனியாவில் ஆல்சார் என்ற பழைய சுரங்கம். அங்கே தாலியம் நிறைந்த லோரண்டைட் என்ற சிவப்புக் கனிமம் கிடைக்கிறது. அதன் வயது சுமார் 43 லட்சம் ஆண்டுகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ எப்போதாவது ஒரு தாலியம்-205 கருவில் மோதினால் அது ஈயம்-205 ஆகும். அந்த ஈயத்தை எண்ணினால், கடந்த 43 லட்சம் ஆண்டுகளில் சூரியன் சராசரியாக எவ்வளவு நியூட்ரினோ அனுப்பியது, அதாவது எவ்வளவு சீராக எரிந்தது என்று தெரியவரும். 1970-களில் முன்வைக்கப்பட்ட யோசனை இது. இதற்குத் தேவையான முக்கிய எண்களில் ஒன்று, நியூட்ரினோ மோதினால் தாலியம் ஈயமாக மாறும் வாய்ப்பு எவ்வளவு என்பது. அந்த எண்ணையும் இந்த 291 நாள் அளவீடு தந்துவிட்டது.

டார்ம்ஸ்டாட்டில் ஜிஎஸ்ஐ-க்குப் பக்கத்திலேயே 'ஃபேர்' என்ற இன்னும் பெரிய முடுக்கி மையம் கட்டப்பட்டு வருகிறது. இந்தியாவும் அதில் ஒரு பங்குதாரர்.

நாம் அன்றாடம் தொடும் பொருட்களில் இருக்கும் கனமான அணுக்களில் பல, ஏதோ ஒரு காலத்தில் எலக்ட்ரான்கள் உரிந்து ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குள் வெந்துகொண்டிருந்தவைதான். அப்போது அவற்றின் ஆயுள் வேறு, இப்போது வேறு. எவ்வளவு வேறு என்று தாலியத்துக்கும் இப்போது நம்மிடம் ஓர் எண் இருக்கிறது.